பழைய ஆயிலில் விழுந்த பூனைக்குட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் வீடுகளும் சின்னக் கடைகளும் கலந்த ஒரு தெரு. அங்கே ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப். ஓனரும், அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் ஒரு தம்பியும் மட்டும்தான். கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஒரு பெண் பூனை குட்டி போட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தினமும் சோறு வைப்பார், மீன் வாங்கினால் தலையும் வாலும் அதற்குத்தான். அதனால் அது யார் வீட்டுப் பூனை என்று கேட்டால் தெருவில் எல்லோரும் அக்காவைத்தான் கைகாட்டுவார்கள். குட்டிகள் இரண்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனவை. தாய்ப்பால் குடித்துக்கொண்டே சோறும் தின்னப் பழகியிருந்தன.

இதை எழுதும் நான் கால்நடை மருத்துவர் இல்லை. அந்தப் பகுதியில் தெரு நாய், பூனைகளுக்கு ஏதாவது ஆனால் போன் போட்டுக் கூப்பிடும் ஆட்களில் ஒருவர், அவ்வளவுதான். மருத்துவர் சொன்னதை மருத்துவர் சொன்னதாகவே எழுதியிருக்கிறேன், மீதி நாங்கள் பார்த்ததும் செய்ததும். எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். ரோமத்தில் எண்ணெய் பட்ட பிராணியைப் பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அந்த எண்ணெயை எடுக்க வேண்டும் என்பது, அதை எடுக்கும் அவசரத்தில்தான் பெரிய கேடு நடந்துவிடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் எப்படிச் சேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது முக்கியமாகிறது. ஒரு சாதாரண பைக்கின் இன்ஜினில் சுமார் 1 லிட்டர் ஆயில் இருக்கும். சர்வீஸுக்கு வரும் வண்டிகளிலிருந்து வடிப்பதை, பாதியாக வெட்டிய ஒரு 20 லிட்டர் கேனில் பிடிப்பார்கள். செயின், கார்புரேட்டர் மாதிரியான பாகங்களைப் பெட்ரோலில் கழுவிவிட்டு அந்த அழுக்குப் பெட்ரோலையும் பல கடைகளில் அதே கேனில்தான் ஊற்றுவார்கள். இந்தக் கடையிலும் அப்படித்தான். மூடி கிடையாது.

விழுந்த மாலை

மார்கழி மாதம், மாலை ஐந்தரை மணி இருக்கும். குட்டிகள் கொட்டகையிலிருந்து இறங்கி விளையாடிக்கொண்டிருந்தன. செம்மஞ்சளும் வெள்ளையுமான குட்டி, கேன் விளிம்பில் ஏறி வழுக்கி உள்ளே விழுந்துவிட்டது. ஆழம் குறைவுதான், ஆனால் பிளாஸ்டிக் சுவரில் நகம் பிடிக்காது, ஏறி வர முடியவில்லை. கத்தும் சத்தம் கேட்டுத் தம்பி ஓடிவந்து கையால் வாரி எடுத்திருக்கிறார். அவர் கொஞ்சம் தாமதித்திருந்தால் குட்டி அதிலேயே மூழ்கியிருக்கும், இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

எடுத்தவுடன் பனியன் வேஸ்ட்டால் துடைத்தார். ஆயில் போகவில்லை. அடுத்து, தன் கையில் கிரீஸ் பட்டால் என்ன செய்வாரோ அதையே செய்தார்: துணியைப் பெட்ரோலில் நனைத்து வயிற்றையும் முன்னங்கால்களையும் தேய்த்தார். குட்டி அலறிக்கொண்டு கையை விட்டுத் தாவி ஸ்பேர் பார்ட்ஸ் ரேக்குக்கு அடியில் ஒளிந்து, அங்கே உட்கார்ந்து தன்னையே வேகவேகமாக நக்க ஆரம்பித்துவிட்டது. அக்கா வந்து பார்த்து எனக்குப் போன் செய்தது அந்த நேரத்தில்தான். நான் சொன்னது ஒன்றே ஒன்று. குட்டியை எப்படியாவது வெளியே எடுங்க, நக்க மட்டும் விடாதீங்க, வேற எதையும் தடவாதீங்க, வந்துட்டேன்.

பெட்ரோல் ஏன் இவ்வளவு கெடுதல்? அது ஆயிலைக் கரைக்கும், உண்மைதான். தோலில் இருக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே கரைத்துவிடும், தோல் சிவந்து புண்ணாகும். மனிதக் கையின் தோல் தாங்குகிற அளவுக்குப் பூனைக்குட்டியின் வயிற்றுத் தோல் தாங்காது. இது பாதிக் கேடு. மீதிப் பாதி நாக்கில் இருக்கிறது. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உண்டு, அதில் சிக்கியதைத் துப்ப வழியில்லை, விழுங்கத்தான் முடியும். கெட்டியான இன்ஜின் ஆயிலை நக்கினால் பெரும்பாலும் வயிற்றுக்குள் போய்ப் பேதியாகும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் போன்ற நீர்த்த திரவங்கள் அப்படியில்லை. விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ சில துளி மூச்சுக்குழாய்க்குள் போனால்கூட நுரையீரலில் வேகமாகப் பரவி நிமோனியா வரவைக்கும்.

நான் போனபோது பார்த்தது

அக்கா குட்டியைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய வைத்திருந்தார். கழுத்துக்குக் கீழே முழுக்கக் கறுப்பு, வால் நனைந்த கயிறுபோலத் தொங்கியது. வலது கண்ணை மூடிக்கொண்டிருந்தது, இமை ஓரத்தில் ஆயில். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஈறு இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது, அது நல்ல அறிகுறி. இருமல் இல்லை, வாந்தி இல்லை. பயத்தில் மூச்சு வேகமாக இருந்ததால் அப்போது எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. பாதங்கள் சில்லென்று இருந்தன.

துண்டைப் பிரித்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. இங்கே ஒரு சிக்கல். சுற்றி வைத்தால் நக்காது, ஆனால் பெட்ரோல் ஈரம் தோலோடு அமுங்கி, ஆவியாகவும் வழியில்லாமல் இன்னும் எரியும். அவிழ்த்து விட்டால் நக்கும். அதனால் ஒரு பேப்பர் பிளேட்டை நடுவில் வெட்டி, வெட்டிய விளிம்பில் துணி ஒட்டி, கழுத்தில் கூம்பு மாதிரி மாட்டினோம். ஒரு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வு வைத்தோம். மருத்துவமனைகளில் தரும் பிளாஸ்டிக் காலர் இந்த அளவுக் குட்டிக்குப் பெரும்பாலும் பொருந்தாது, அன்றைக்குக் கையில் இருந்தது பேப்பர் பிளேட், அது போதுமானதாக இருந்தது.

ஆளுக்கொரு யோசனை

அதற்குள் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதில் சந்தேகமில்லை. அங்கே வந்த யோசனைகளை எழுதக் காரணம், நம் ஊரில் எங்கே போனாலும் இதே யோசனைகள்தான் வரும்.

ஒருவர் மண்ணெண்ணெய் என்றார். ஏற்கெனவே பெட்ரோல் பட்டதே பிரச்சினை, இன்னொன்றைச் சேர்க்க முடியாது. ஒரு பாட்டி, விஷம் முறிய பால் ஊற்றச் சொன்னார். வயிற்றில் பெட்ரோலும் ஆயிலும் இருக்கும்போது எதையாவது வாயில் ஊற்றினால் வாந்தி வரலாம், அந்த வாந்திதான் நுரையீரலுக்கு ஆபத்து. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது, அது எல்லாவற்றையும்விட மோசம்.

துணி துவைக்கும் பவுடர் போடலாமா என்று ஓனர் கேட்டார். கடையில் கை கழுவ அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் காரம் அதிகம், வெந்து போன தோலில் பட்டால் புண் பெரிதாகும், மிச்சத்தை நக்கினால் வாய் வெந்துவிடும். ஃபினாயில் என்று யாரோ சொன்னபோது அக்காவே வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஃபினால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, கிருமிநாசினி என்ற பெயரில் அதைத் தடவிப் பூனை செத்துப்போவது நடக்கிற விஷயம். நாய்க்கு வாங்கிய உண்ணி ஷாம்பூ ஒரு வீட்டில் இருந்தது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்க வாய்ப்பு உண்டு, நாய்க்கு ஒன்றும் செய்யாத அது பூனைக்கு வலிப்பை வரவைக்கும். அதையும் ஒதுக்கினோம்.

அரப்பும் சீயக்காயும் பேச்சில் வந்தன, கொங்குப் பக்கம் வராமல் இருக்குமா. எண்ணெய் எடுப்பதில் இரண்டுமே கெட்டிக்காரப் பொருட்கள்தான். ஆனால் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல், குட்டியின் ஒரு கண் ஏற்கெனவே மூடிக் கிடக்கிறது. வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

போனில் மருத்துவர் கேட்டது

எங்களுக்குத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தோம். அவர் வேறொரு பிராணிக்கு அறுவை சிகிச்சையில் இருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார், எட்டு மணிக்குத்தான் பார்க்க முடியும் என்றார். ஆனால் அந்த இரண்டு நிமிடப் பேச்சில் அவர் கேட்ட கேள்விகள் எங்களுக்குத் தோன்றாதவை.

முதல் கேள்வி, அந்தக் கேனில் கூலன்ட் ஊற்றியிருந்தீர்களா என்பது. இன்ஜினைக் குளிர்விக்க வண்டிகளில் ஊற்றும் பல கூலன்ட்களில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. இனிப்பாக இருக்கும், பிராணிகள் விரும்பி நக்கும், வளர்ந்த பூனைக்கே ஒரு டீஸ்பூன் அளவு சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கப் போதுமானது. பூனைக்கு அதன் மாற்று மருந்தை நக்கிய மூன்று மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன். அப்படி இருந்தால் கழுவிக்கொண்டிருக்காமல் எந்த மருத்துவமனை திறந்திருக்கிறதோ அங்கே உடனே போங்கள் என்றார். ஓனரிடம் கேட்டோம். அன்று வந்தவை எல்லாமே காற்றில் குளிரும் இன்ஜின் வண்டிகள், கூலன்ட் வடிக்கவில்லை, பிரேக் ஆயிலும் அதில் ஊற்றவில்லை என்று உறுதியாகச் சொன்னார்.

அப்புறம் மூச்சு, இருமல், வாந்தி பற்றிக் கேட்டார். மூன்றும் இப்போதைக்குச் சரி என்றதும் அவர் சொன்னது: பெட்ரோல் பட்ட இடத்தை இப்போதே கழுவுங்கள், எட்டு மணி வரை அதை விடக்கூடாது. மீதியை முடிந்த அளவு. குட்டி குளிர்ந்துபோனால் நிறுத்திவிடுங்கள். வாய் வழியாக எதுவும் வேண்டாம். இருமினாலோ மூச்சுத் திணறினாலோ கழுவுவதைப் பாதியில் விட்டுவிட்டு வேறு எங்காவது தூக்கிக்கொண்டு போங்கள்.

கழுவிய வரிசை

இடத்தை மாற்றினோம். ஒர்க்‌ஷாப்பில் வேண்டாம், அக்கா வீட்டுப் பின்கட்டில், கதவு ஜன்னலைத் திறந்து வைத்து. வெந்நீரை உள்ளே சமையலறையில் வைத்து வாளியில் கொண்டுவந்தோம், பெட்ரோல் வாடை அடிக்கும் குட்டியை அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதே காரணத்துக்காக ஹேர் டிரையரையும் கடைசி வரை தொடவில்லை. குட்டியைக் காயவைக்க முதலில் அதைத்தான் பலர் தேடுவார்கள், பெட்ரோல் ஆவியும் சூடான கம்பியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிடிப்பவர்கள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டோம். பழைய இன்ஜின் ஆயிலில் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த எரிபொருளின் மிச்சமும் இருக்கும், நம் தோலுக்கும் அது நல்லதில்லை.

சாதாரணமாக ஆயில் மட்டும் என்றால் நான் முதலில் உலர்ந்த வேலையைத்தான் செய்வேன்: துணியால் ஒற்றி எடுப்பது, பிறகு மாவு தூவி உறிஞ்ச வைப்பது. இங்கே பெட்ரோல் இருந்ததால் வயிறும் முன்னங்கால்களும் முதலில். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கொஞ்சத்தை ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, அந்தக் கரைசலைக் கையில் எடுத்து ரோமத்தின் போக்கிலேயே மெதுவாகத் தடவி, மக்கால் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். திரும்பத் திரும்ப அதே வேலை. வாடை நிற்கும் வரை. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்துக்கொண்டோம், முழங்கைக்குச் சூடும் தெரியக்கூடாது குளிரும் தெரியக்கூடாது, பூனையின் உடல் வெப்பமே 100 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால் நமக்கு வெதுவெதுப்பாக இருப்பது அதற்குச் சரியாக இருக்கும்.

பாத்திரம் தேய்க்கும் லிக்விட்டா என்று அக்கா தயங்கினார். தினசரிக் குளியலுக்கு அது கூடாது, தோலைக் காயவைத்துவிடும். ஆனால் இந்த ஒரு வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது வீட்டில் இல்லை. அதன் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். கப்பல் எண்ணெயில் நனைந்த கடற்பறவைகளைக் கழுவுவதும் இதில்தான். மணம், எலுமிச்சைத் துகள், கிருமிநாசினி எதுவும் சேர்க்காத சாதா வகை இருந்தால் அதுவே நல்லது.

வயிறு முடிந்ததும் முதுகு. அங்கே பெட்ரோல் துணி படவில்லை, கேனில் இருந்த கெட்டி ஆயில்தான். சுத்தமான பனியன் துணியால் அழுத்தி அழுத்தி ஒற்றினோம். தேய்த்தால் ஆயில் தோல் வரைக்கும் இறங்கிவிடும், ஒற்றினால் துணிக்கு வரும். கார்ன்ஃப்ளவர் கிடைக்கவில்லை, கடலை மாவு இருந்தது, அதை முதுகில் தூவிச் சில நிமிடம் விட்டோம். ஆயிலைக் குடித்து உருண்டை உருண்டையாக உதிர்ந்தது, எங்களுக்கே ஆச்சரியம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாவு முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்து எடுத்த பிறகுதான் தண்ணீர் படலாம், இல்லையென்றால் ரோமத்தில் பசை காய்ச்சியதுபோல ஆகிவிடும். முகத்தருகே தூவவே கூடாது, மூச்சில் போகும்.

பின்னங்கால் விரல் இடுக்குகளில் செயின் கிரீஸ் கெட்டியாக அப்பியிருந்தது, லிக்விட்டுக்கு அது அசையவில்லை. விரல் நுனியில் தொட்ட அளவு தேங்காய் எண்ணெய் தடவி இளக்கித் துணியால் எடுத்தோம். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும், தார், எலிப் பசை அட்டையின் கோந்து இவற்றுக்கும் இதே வழிதான், பிறகு அந்தச் சமையல் எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டும். கத்தரிக்கோலை எடுக்கத் தம்பி ஆசைப்பட்டார், வேண்டாம் என்றோம். பிசுக்கில் ரோமம் எங்கே முடிகிறது தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது.

முகத்தில் லிக்விட் படவில்லை. ஈரத் துணி மட்டும். கண்ணை, மெடிக்கலில் வாங்கிய சலைன் தண்ணீரால் கழுவிவிட்டோம்.

பாதியில் நிறுத்தியது

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், இதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடும் வந்தது.

வயிறு, முன்னங்கால்கள், முதுகு, பாதங்கள் ஓரளவு முடிந்தன. தொடைகளும் வாலும் இன்னும் கறுப்பு. குட்டி அதுவரை நடுங்கிக்கொண்டு, கத்திக்கொண்டு, கையைப் பிறாண்டிக்கொண்டு இருந்தது. திடீரென்று அடங்கிவிட்டது. அக்காவுக்கு அது நிம்மதியாகத் தெரிந்தது, இப்ப சமத்தா இருக்கு, இதோட வாலையும் முடிச்சுடலாம் கண்ணு, என்றார். வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தேன், உள்ளே குளிர்ச்சி. அது சமத்தாக இருக்கவில்லை, தளர்ந்துகொண்டிருந்தது. முக்கால் கிலோ எடையுள்ள உடம்பு, ஈரம், மார்கழி மாலை. நனைந்த ரோமத்தால் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது. எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்பதற்காகக் குளிரில் குட்டியை இழக்கக் கூடாது என்று நிறுத்தச் சொன்னேன்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்ற படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அப்போதுதான் எண்ணெய் பட்ட பறவைகளை எப்படிக் கையாளுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். பிடித்தவுடன் கழுவ மாட்டார்கள். முதலில் சூடு, திரவ உணவு, ஓய்வு, ஒன்றிரண்டு நாள் கழித்து உடம்பு தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் கழுவல். 1971இல் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் இரண்டு டேங்கர் கப்பல்கள் மோதியபோது, அனுபவம் இல்லாத தன்னார்வலர்கள் தூக்கி வந்த ஆயிரக்கணக்கான பறவைகளில் சில நூறுதான் பிழைத்தன. அந்தத் துயரத்திலிருந்துதான் இந்த முறைகள் மெல்ல மெல்ல உருவாகின. எங்கள் குட்டிக்குப் பெட்ரோல் பட்டதால் அப்படி முழுசாகக் காத்திருக்க முடியவில்லை, கழுவியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் கழுவ வேண்டிய அளவு எது, காத்திருக்கக் கூடிய அளவு எது என்று பிரித்துக்கொள்ள முடியும். பெட்ரோல் காத்திருக்காது. வாலில் இருந்த கெட்டி ஆயில் நாளை வரை காத்திருக்கும், நக்க விடாமல் பார்த்துக்கொண்டால்.

அலசுவதை மட்டும் அரைகுறையாக விடவில்லை. லிக்விட் மிச்சம் இருந்தால் அதை நக்கும். துண்டு மாற்றித் துண்டு வைத்து ஒற்றினோம், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம், நேரடியாக வைத்தால் சுட்டுவிடும். ஒரு பழைய காட்டன் சாக்ஸின் நுனியையும் கால்களுக்கு ஓட்டைகளையும் வெட்டிச் சட்டை மாதிரி மாட்டினோம், தொடையில் சுத்தமான துணி சுற்றினோம். கழுத்தில் பேப்பர் பிளேட் இருந்தபடியே.

மருத்துவமனையில்

எட்டு மணிக்கு எடை 780 கிராம், உடல் வெப்பம் 98 டிகிரி. இன்னும் கால் மணி நேரம் கழுவியிருந்தால் இதைவிடக் கீழே போயிருக்கும் என்றார் மருத்துவர். முதலில் சூடேற்றினார், பிறகுதான் மற்றது. கண்ணில் பச்சைச் சாயம் விட்டுப் பார்த்தார், கருவிழியில் புண் இல்லை, சொட்டு மருந்து கொடுத்தார். வயிற்றுத் தோல் சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. நெஞ்சில் சத்தம் சரியாக இருந்தது.

கரித்தூள் மருந்து கொடுக்கலாமா என்று கேட்டேன், விஷத்துக்குக் கொடுப்பார்களே. பெட்ரோலியப் பொருட்களை அது சரியாகப் பிடிக்காது, வாந்தியைத்தான் கிளப்பும் என்றார். ஆன்டிபயாட்டிக்கும் அப்போது வேண்டாம் என்றார், தொற்று இல்லாதபோது எதற்கு. எக்ஸ்ரே உடனே எடுத்தால் சுத்தமாகவே தெரியலாம், நுரையீரலில் மாற்றம் வரச் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும், அதனால் இன்று நன்றாக இருக்கிறது என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி எழுதி வைக்கச் சொன்னார். 30க்குள் நல்லது, குட்டிக்குக் கொஞ்சம் கூடலாம், 40ஐத் தாண்டினால் நேரம் பார்க்காமல் கிளம்பி வாருங்கள்.

அடுத்த இரண்டு நாள்

அன்று இரவு அக்கா வீட்டில் வைத்துக்கொண்டார். மூச்சு 28, அப்புறம் 32. காலையில் கறுப்பாக, எண்ணெய் மினுக்கோடு பேதி. எதிர்பார்த்ததுதான். வேகவைத்த கோழி கொஞ்சம் தின்றது. மதியம் வெயில் ஏறிய பிறகு தொடையையும் வாலையும் கழுவினோம், சீக்கிரமே முடிந்துவிட்டது. அலசிய தண்ணீரில் வானவில் நிறம் மிதக்கிறதா என்று பார்த்து, வெள்ளைத் துணியால் துடைத்துக் கறை வராத வரை செய்தோம்.

இரண்டாம் இரவு பத்து மணிக்கு மேல் அக்கா போன் செய்தார். குட்டி தின்னவில்லை, ஒரு தடவை இருமியது, தூக்கத்தில் எண்ணினால் 46. சட்டை போட்டதால் வேகமாகத் தெரிகிறதோ என்று அவருக்குச் சந்தேகம், கழற்றிவிட்டு மறுபடி எண்ணியிருக்கிறார், அதே அளவு. உடனே கிளம்பினோம். இப்போது எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் லேசான நிழல். ரேக்குக்கு அடியில் உட்கார்ந்து நக்கிய அந்தச் சில நிமிடங்களில் பெட்ரோல் கொஞ்சம் மூச்சில் போயிருக்கும் என்பது மருத்துவரின் கணிப்பு. இரவு ஆக்சிஜன் பெட்டியில் வைத்தார், தொற்று சேரும் அறிகுறி இருந்ததால் ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தார். மறுநாள் மாலை மூச்சு 34க்கு இறங்கியது, தானாகச் சாப்பிட்டது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாத்திரை முடியும் வரை வீட்டுக்குள்ளேயே.

வயிற்றுத் தோல் மூன்றாம் நாள் மெல்லிய செதில்களாக உரிந்தது. எதுவும் தடவ வேண்டாம், காலரை மட்டும் கழற்றாதீர்கள் என்றார் மருத்துவர். அப்படியே ஆறியது. ரோமம் கொஞ்ச காலம் வறண்டு, மினுக்கில்லாமல் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது.

தாய்ப்பூனை

முதல் நாளிலிருந்தே தாய் ஜன்னலுக்கு வெளியே வந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. குட்டியைக் கண்டதும் அது முதலில் செய்வது நக்கிவிடுவதுதான், குட்டியின் உடம்பில் இருப்பது அதன் வயிற்றுக்கும், அதன் மார்பு வழியாக இன்னொரு குட்டியின் வாய்க்கும் போயிருக்கும். இரண்டு மாதக் குட்டி சில நாள் பால் இல்லாமல் இருக்கும், சோறு தின்னப் பழகியதால் இதைச் செய்ய முடிந்தது. கண் திறக்காத குட்டியாக இருந்திருந்தால் முடிவு வேறு மாதிரி போயிருக்கும், மருத்துவரிடம் கேட்டுப் பால் பவுடருக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

திரும்பச் சேர்த்தபோது தாய் சீறியது. லிக்விட், மருந்து, மருத்துவமனை எல்லாம் சேர்ந்த வாடை அதற்கு அந்நியம். தாய் படுத்த துணியைக் குட்டிக்கும், குட்டி படுத்த துணியைத் தாய்க்கும் மாற்றி மாற்றிப் போட்டு, சில நாளில் பழக்கிவிட்டார் அக்கா.

மாறியவை, மாற வேண்டியவை

ஒர்க்‌ஷாப் ஓனர் அந்த வாரமே கேனுக்கு மூடி போட்டார், ஆயில் வடிக்கும் நேரத்தில் மட்டும் திறப்பது. பாகம் கழுவிய பெட்ரோலுக்குத் தனி டப்பா, கூலன்ட்டுக்குத் தனி டப்பா, இரண்டிலும் பெயர் எழுதி. பழைய ஆயில் இங்கே அபாயகரக் கழிவு என்ற பட்டியலில் வருவது, அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். கலக்காமல் வைத்தால் எடுப்பவர்களுக்கும் நல்லது என்பதால் அவருக்கு இதில் தயக்கம் இருக்கவில்லை. தம்பி, பெட்ரோல் போட்டது தன்னால்தான் என்று ரொம்ப நாள் வருந்தினார். யாரும் அவருக்குச் சொல்லித்தராத விஷயம் அது, குட்டியைக் கேனிலிருந்து எடுத்ததும் அவர்தான்.

இன்னொரு முறை இப்படி வந்தால், முதல் கழுவலில் பெட்ரோல் பட்ட இடத்தோடு நிறுத்திக்கொள்வேன், முதுகையும் பாதங்களையும் மறுநாளுக்கு விட்டுவிடுவேன். கழுவத் தொடங்கும் முன்பே வெந்நீர் பாட்டிலும் உலர்ந்த துண்டுகளும் தயாராக இருக்க வேண்டும், நாங்கள் நடுவில் தேடினோம். தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்திருந்தால் வாய்க்குள் விரல் வைத்து ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. பிராணியைத் தூக்கும்போதே அது விழுந்த டப்பாவையும், அதில் ஊற்றிய பொருட்களின் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. கூலன்ட் கேள்விக்கு ஓனர் பக்கத்தில் இருந்ததால்தான் எங்களால் உடனே பதில் சொல்ல முடிந்தது.

நாய்க்கு நடந்திருந்தால் சில விஷயங்கள் மாறும். பெரிய உடம்பு என்பதால் குளிர் அவ்வளவு சீக்கிரம் தாக்காது, ஒரே தடவையில் கழுவி முடிக்கலாம். நாக்கும் பூனை அளவுக்கு மும்முரமாக வேலை செய்யாது. ஆனாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தொடக் கூடாது, கூலன்ட் பற்றிக் கேட்காமல் கழுவ ஆரம்பிக்கக் கூடாது என்பதெல்லாம் அதற்கும் அப்படியேதான். பொரித்த எண்ணெயோ குழம்போ கொட்டியதென்றால் அது விஷயமே வேறு: முதலில் அது சூடாகக் கொட்டியதா என்று பார்க்க வேண்டும், சூடு என்றால் எண்ணெயை மறந்துவிட்டுக் குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி ஆறவைத்து, தீப்புண்ணுக்கு என்ன செய்வோமோ அதைச் செய்துகொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.